வண்டிச் சத்தம் கேட்கும் வரை ஜெபிக்கிறேன்

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 46. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். வீட்டுக்காரர் பெங்களூரா ரக மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, ஹைவேயில் இறங்கி, அங்கே விட்டிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர ராத்திரி ஒன்றரை மணி ஆகும். அது வரை படுக்கையில் ஜெபித்துக்கொண்டே இருப்பேன். நடுவில் நிறுத்தினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். "நீ முழிச்சிட்டு இருப்பியேன்னுதாம்மா வண்டிய வேகமா ஓட்டிட்டு வர்றேன்" என்று அவன் சண்டை போடுகிறான். அவன் வந்து படுத்த பிறகும் எனக்குத் தூக்கம் வராது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தோப்பு, மகளின் பிளஸ் டூ, கடன் என்று ஒவ்வொன்றாக வரும். சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறவள் நான். எங்கள் ஜெபக் குழுவில் ஓர் அக்கா, "விசுவாசம் இருக்கிற இடத்தில் கவலை இருக்காது, நீ கர்த்தரை நம்பவில்லை" என்றார். பி.பி. மாத்திரையையும் விசுவாசத்தோடு விட்டுவிடச் சொன்னார். போன மாதம் விட்டுவிட்டேன். கவலை மட்டும் போகவில்லை. கவலைப்படுவது பாவமா? என் விசுவாசம் பொய்யா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலையே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பாருங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய மாத்திரை அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பி.பி. மாத்திரைகளில் சில வகைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுத் துடிப்பும் கூடும். நீங்கள் எழுதியிருக்கும் படபடப்பில் ஒரு பங்கு அதனாலேயே வந்திருக்கலாம். அதற்காக வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையை நீங்களாகவே மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். போன கையோடு தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், தூக்கம் போகும். ரத்தசோகையிலும் படபடப்பு வரும். உங்கள் வயதுக்கு, மாதவிடாய் நிற்கிற காலத்துத் தொந்தரவாகவும் இருக்கலாம். அதிலும் நடு ராத்திரியில் வியர்த்துக்கொட்டி முழிப்பு வரும். இத்தனையையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து விசுவாசக் குறைவு என்று ஒரே பெயர் வைப்பது அநியாயம்.

மாதா மாதம் போய் வாங்குவது அலைச்சலாக இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் போதகர் இல்லை, மனநல ஆலோசகர். ஆனால் நானும் ஞாயிற்றுக்கிழமை சபையில் போய் உட்கார்கிறவள்தான். அந்த அக்கா சொன்ன மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதில்லை. என்னிடம் வருகிற விசுவாசிகள் பலர் கவலையை மட்டும் கொண்டுவருவதில்லை. கவலைப்படுகிறோமே என்கிற கவலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பல சமயம் அதுதான் கனமாக இருக்கிறது. மகன் ராத்திரியில் தனியாக வருகிறானே என்று ஒரு தாய் பயப்படுவதை யாரும் புரிந்துகொள்வார்கள். அந்தப் பயத்தைப் பார்த்து கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் எப்படித் தூக்கம் வரும்?

உங்கள் வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 20 முடிகிற வரை ஒரே மூச்சில் படியுங்கள். எசேக்கியா ராஜாவின் கதை. கர்த்தர்மேல் நம்பிக்கை வைத்ததில் அவனுக்கு முன்னும் பின்னும் யூதாவில் அவனைப்போல் ஒரு ராஜா இருந்ததில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறது. இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. அப்படிப்பட்டவன் என்னென்ன செய்கிறான் பாருங்கள். அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வருகிறான். கி.மு. 701 என்று சரித்திரத்தில் கணக்கிடுகிறார்கள். எசேக்கியா முதலில் பயந்துபோய்க் கேட்ட கப்பத்தைக் கட்டுகிறான். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன் தகட்டைக்கூட உரித்துக் கொடுக்கிறான். அப்படியும் படை திரும்பிப் போகவில்லை. மிரட்டல் வந்ததும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். வியாதி வந்து சாகக் கிடக்கும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிகவும் அழுகிறான்.

நீங்கள் இதைவிட என்ன செய்துவிட்டீர்கள்?

அழுதவனுக்கு வந்த பதிலையும் பாருங்கள். "உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன்." ஏன் அழுகிறாய், நீ நம்பவில்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்கிறார் தெரியுமா? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டியின் மேல் பற்றுப் போட வைக்கிறார். கர்த்தர் சுகமாக்குவதாகச் சொல்லிவிட்டாரே, அத்திப்பழம் எதற்கு என்று எசேக்கியாவும் கேட்கவில்லை, ஏசாயாவும் நினைக்கவில்லை. உங்கள் மாத்திரையைப் பிடுங்கிய அந்த அக்காவிடம் இந்த ஒரு வசனத்தைக் காட்டினால் போதும். 2 இராஜாக்கள் 20:7.

இன்னொன்று. முற்றுகைக்கு முன்பே அவன் நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றை அடைத்து, தண்ணீரைப் பாறைக்கு அடியில் குடைந்து உள்ளே கொண்டுவந்தான். எருசலேமில் அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் குடைந்துகொண்டு வந்து, நடுவில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற அளவு நெருங்கிய கதையைப் பாறையிலேயே பொறித்து வைத்திருந்தார்கள். 1880-இல் அந்தக் கல்வெட்டு கிடைத்தது. மதிலையும் பழுதுபார்த்தான். இத்தனையும் செய்தவன்தான் ஜனங்களைக் கூட்டி, "நம்மோடிருக்கிறவர் நம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்று தைரியம் சொன்னான். கடப்பாரையும் கையுமாக நின்றவர்களுக்குச் சொன்ன தைரியம் அது.

அப்படியானால் "கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவரே சொன்னாரே என்பீர்கள். சொன்னார். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன சாப்பிடுவோம், என்ன உடுத்துவோம் என்பது நிஜமான கேள்வி. அவர்களிடம் "இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்" என்கிறார். ராத்திரியில் அலறி எழுந்த குழந்தையிடம் "பயப்படாதே, அம்மா இருக்கேன்" என்று சொல்வீர்கள். பயந்தது தப்பு என்று குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவா அப்படிச் சொன்னீர்கள்? அதே பேச்சின் கடைசியில் "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்றும் சொல்கிறார். பாடு உண்டு என்பது அவருக்குத் தெரியும். பவுலும் அப்படித்தான். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதியவர், சபைகளைக் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் எழுதியது.

ஆக, கவலை வந்தது பாவமில்லை. உங்கள் விசுவாசம் பொய்யும் இல்லை. ஆனால் இத்தோடு விட்டுவிட்டால் நான் பாதி வேலைதான் செய்தவள். கவலை உங்களை ஒரு தவறான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.

"நடுவில் நிறுத்தினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ." கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி இதுதான். சகோதரி, பத்தரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை நீங்கள் அந்தப் படுக்கையில் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பயம் ஒரு விதி போடும்: இதை விடாமல் செய், செய்தால்தான் பிள்ளை பத்திரம். நீங்கள் விடாமல் செய்வீர்கள். பிள்ளையும் வந்து சேருவான். ஹைவேயில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பத்திரமாக வீடு சேருகிறவர்கள்தானே. ஆனால் மனசு என்ன கணக்குப் போடுகிறது? நான் விடாமல் செய்ததால்தான் வந்தான் என்று போடுகிறது. மறுநாள் நிறுத்துவது இன்னும் கஷ்டமாகிறது. ஒரு தடவை கண் அசந்துவிட்டால் எழுந்து உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றும். சிலருக்கு இது கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதாக இருக்கும். விசுவாசிகளுக்குச் சில சமயம் ஜெபத்தின் வேஷத்தில் வரும்.

வேஷம் என்று சொன்னதில் வருத்தப்படாதீர்கள். உங்கள் ஜெபத்தைக் குறை சொல்லவில்லை. பயம் அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்கிறேன். அங்கே மகனைக் காப்பது கர்த்தர் இல்லை, உங்கள் முழிப்பு என்று ஆகிவிட்டது. சங்கீதம் 121 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." ராத்திரி டியூட்டி பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று அந்தச் சங்கீதம் சொல்கிறது. நீங்களும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

உங்கள் மகன் சொன்னதையும் லேசாக விட்டுவிடாதீர்கள். அம்மா முழித்திருப்பாள் என்பதற்காகவே அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான். எந்த ஆபத்துக்குப் பயந்து முழித்திருக்கிறீர்களோ, அதை முழிப்பே கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறது.

அவனுக்கு வார லீவு வருகிற நாளில் உட்கார வைத்துப் பேசுங்கள். ஹெல்மெட், ஹெட்லைட், பிரேக் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் ஏறியதும் "ஏறிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடட்டும். பக்கத்து ஊர்ப் பையன் யாராவது அதே ஷிப்டில் இருந்தால் ஹைவேயிலிருந்து இரண்டு வண்டியும் சேர்ந்தே வரட்டும். ராத்திரியில் வாசல் லைட்டைப் போட்டே வையுங்கள், வீட்டுக்குள் வந்ததும் அவன் அணைத்துவிட்டுப் படுக்கட்டும். உங்களுக்கு எப்போது முழிப்பு வந்தாலும் ஜன்னல் பக்கம் இருட்டாக இருந்தால் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் ஜெபம். மத்தியானம் அவன் வேலைக்குக் கிளம்பும்போது தலையில் கை வைத்து, அவன் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை ஜெபித்து ஒப்புக்கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு தடவை. ராத்திரி படுத்த பிறகு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி மனசு நச்சரிக்கும். அப்போது அந்த 121-ஆம் சங்கீதத்து வரியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். முதல் சில நாள் பயம் இன்னும் கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூடி, ஓர் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். இறங்கும் வரை பொறுத்துக்கொண்டால் அடுத்த ராத்திரி கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

இப்படிச் செய்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் விடாத ஜெபமும் அந்த உத்தரவாதத்தைத் தந்ததில்லை. இதை நம் சபைகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் எல்லாம் தப்பித்தவர்கள்தான். அதே ரோட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த விசுவாசிகளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசம் எந்த விதத்தில் குறைந்தது? தானியேல் புத்தகத்தில் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நாம் முதல் பாதியை வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறோம். இரண்டாவது பாதியும் அவர்கள் சொன்னதுதான்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் கடைசியாக, கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் எழுதியிருந்தது. "இரண்டாவது குழுக் கடன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தம்பி ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தேன்." இதை நீங்கள் கவலைகளின் பட்டியலில் மூன்றாவதாக, "கடன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தீர்கள். எனக்கு என்னவோ மகன் வந்து படுத்த பிறகும் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது இதுதான் என்று தோன்றுகிறது. தோப்பைப் பற்றியும் மகள் படிப்பைப் பற்றியும் கவலை வந்தால் கணவரிடம் சொல்லி அழலாம். இதைச் சொல்ல ஆளில்லை. பக்கத்திலேயே படுத்திருக்கிறவரிடம் ஒளித்துவைத்த கவலை பகலில் எங்கே போகும்? ராத்திரிக்குத்தான் காத்திருக்கும்.

மறுபடி எசேக்கியாவுக்கே வருகிறேன். சனகெரிப் அனுப்பிய மிரட்டல் நிருபத்தை அவன் வாங்கி வாசித்தான். அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்று பொதுவாக ஜெபிக்கவில்லை. எழுத்து தெரிகிற மாதிரி விரித்தான். அதற்கும் முன்னால், கிழிந்த வஸ்திரத்தோடு இருந்தபோதே, ஏசாயாவுக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னான். மனுஷனிடமும் சொன்னான், கர்த்தரிடமும் விரித்தான்.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு கடனின் கார்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது, இன்னும் எத்தனை டியூ, எந்தக் கிழமை. பயத்தில் இருக்கிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத கடன் பார்த்த கடனைவிடப் பெரிதாகத் தெரியும். எழுதி முடித்ததும் அந்த நோட்டை விரித்து வைத்து ஜெபியுங்கள், தொகையைச் சொல்லியே ஜெபியுங்கள். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை... தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்றுதான் பவுல் எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் கடன் டியூவும் அடக்கம்.

பிறகு கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் கோபக்காரர் இல்லை, மனசு உடைந்துபோவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடையட்டும், பரவாயில்லை. வேறு வழியில் தெரியவந்தால் இதைவிட மோசமாக உடைவார். குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டுகிற சென்டர் மீட்டிங்கில் ஒரு டியூ தவறினால் மற்றப் பெண்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள், உங்களுக்கே தெரியும். ராத்திரியில் சொல்லாதீர்கள். மண்டியிலிருந்து விலை கேட்டுவிட்டு வந்த அன்றைக்கும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் இல்லாதபோது, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "உங்ககிட்ட ஒரு விஷயம் மறைச்சிட்டேன். தம்பிக்காக எடுத்தேன். கணக்கெல்லாம் இதுல இருக்கு. மேல என்ன செய்யலாம்னு ரெண்டு பேரும் யோசிப்போம்." இவ்வளவு போதும். நியாயப்படுத்திப் பேச ஆரம்பித்தால் சண்டையாகிவிடும்.

சில விஷயங்களை இருவரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கிற மைக்ரோ பைனான்ஸ் நிறுவனம் என்றால், 2022-ஆம் வருஷ விதிகளின்படி ஒரு குடும்பத்தின் மொத்த மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாக்கி கேட்டு காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, தகாத வார்த்தை பேசக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அதற்கென்று அபராதமும் கிடையாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் மட்டும் வேண்டாம், எந்தக் குழு அழைத்தாலும். எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவைக்கும் கடன் பிரச்சினைதான், கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நின்றான். எலிசா அவளிடம் கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பது. அற்புதம் நடந்த பிறகும், எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் பிழைத்துக்கொள் என்று கணக்காகத்தான் சொல்லி அனுப்பினார்.

தோப்பைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பூ நிற்பதும் காற்றில் பிஞ்சு கொட்டாமல் இருப்பதும் உங்கள் கையில் இல்லை. பெங்களூராவுக்கு மாங்கூழ் ஆலைக்காரர்கள் எடுத்தால்தான் விலை, அவர்களிடம் பழைய கூழ் தேங்கிக் கிடந்தால் அந்த வருஷம் நம் பாடு திண்டாட்டம். மருந்தடிப்பதும், குத்தகைத் தவணையைப் பற்றித் தோப்புக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் உங்கள் பக்கத்து வேலை. அதைச் செய்துவிட்டால் மிச்சம் கர்த்தருடைய பக்கம். மகளின் பிளஸ் டூவுக்கு அவள்தான் கவலைப்பட வேண்டும், நீங்கள் இல்லை. அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் திட்டாத அம்மாவும் கிடைத்தால் போதும்.

தினமும் சாயங்காலம், ராத்திரிச் சமையலை ஆரம்பிப்பதற்கு முன்னால், அதே நோட்டோடு ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கு மனசை அரித்ததை எழுதுங்கள். செய்ய முடிகிற வேலை ஏதாவது இருந்தால் எந்த நாளில் செய்வீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றும் செய்ய முடியாதது என்றால் பெயர் சொல்லி ஜெபித்து ஒரு கோடு கிழித்துவிடுங்கள். நடு ராத்திரியில் அதே கவலை எட்டிப் பார்த்தால், நோட்டில் எழுதியாச்சு, நாளைக்குச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து கூடத்தில் போய் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போனால் போதும். போனைக் கையில் எடுக்காதீர்கள், பிரசங்க வீடியோவுக்காகக்கூட. சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் படபடப்பு குறையவில்லை என்றாலோ, செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, அந்த நினைப்பு வந்த அன்றைக்கே 14416-க்கு போன் பண்ணுங்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக அந்த ஜெபக் குழு. அந்த அக்காவோடு சண்டை போட வேண்டாம், போகாமல் நின்றுவிடவும் வேண்டாம். உங்களுக்கு ஆட்கள் வேண்டும். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார், அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாத்திரைப் பேச்சை மறுபடி எடுத்தால், "டாக்டர் நிறுத்தச் சொன்னால்தான் அக்கா நிறுத்துவேன்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். கடன் விஷயத்தைக் கணவரிடம் சொல்வதற்கு முன்னால் அங்கே ஜெபக் குறிப்பாகக் கொடுக்காதீர்கள், ஊர் முழுக்கப் பரவிவிடும். மகன் பெயரைத் தாராளமாகக் கொடுங்கள். முடிந்தால் ஆளுக்கு ஒரு கிழமையாக அவனுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவுக்கும் ஒரு கிழமை கொடுங்கள்.